நாற்பது கிராம்

ஞாயிறு காலை, பண்டாரவளைச் சந்தையில்
சுமணபாலவிடம் ஒரு கிலோ கிழங்கு வாங்கினேன்.
முன்னூற்று நாற்பது ரூபா.
ஒரு தட்டில் படிக்கல்லை வைத்தான்,
மறுதட்டில் கிழங்கைக் கொட்டினான்,
முள் நிற்கும் முன்பே "ஹரி நங்கி" என்று
பைக்குள் சரித்துவிட்டான்.
அந்த அவசரம் எனக்கு உறுத்தியது.

ஒரு மணிக்கு எனக்கு வேலை,
கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும் கடையில்.
வெளியே மலைக்குளிர்;
அது போதாதென்று உள்ளே குளிரூட்டி.
மரக்கறிப் பகுதியில் நிறுத்துக் கொடுப்பவள் நான்.
கரட்டுக்கு நூற்றிரண்டு,
லீக்ஸுக்கு நூற்றொன்பது,
கிழங்குக்கு நூற்றுப் பதினொன்று.
எண்ணை அமுக்கினால் இயந்திரம்
ஸ்டிக்கரை நாக்கு மாதிரி நீட்டும்.
பேரம் பேசத் தெரியாத நாக்கு.

கூட்டம் குறைந்த மூன்று மணிக்கு
யாரும் பார்க்காத நேரமாய்
என் கிழங்கை அதன்மேல் வைத்தேன்.
தொள்ளாயிரத்து அறுபது.

நாற்பது கிராம்.
ஒரு சின்னக் கிழங்கு.
அவித்தால் என் மகனுக்கு ஒரு வாய்.
ஆறு வருசமாக அவனிடமே வாங்குகிறேன்;
எத்தனை வாய் போயிருக்கும்?

கோபத்தில் பைக்குள் கையை விட்டால்
கேட்காமலே அவன் செருகிய கொத்தமல்லிக் கட்டு.
தனியே அதையும் நிறுத்தேன்.
முப்பத்தைந்து.
மிச்சம் ஐந்து கிராமுக்காகச் சண்டைக்குப் போக
எனக்கே வெட்கமாக இருந்தது.
ஆனாலும் கிழங்கில் ஒட்டிய வெலிமடைச் சேறு?
அதுவும் அந்தத் தொள்ளாயிரத்து அறுபதுக்குள்தானே.

எங்கள் கடையைக் குறை சொல்ல வரவில்லை.
பத்தாம் திகதி சம்பளம் எடுத்த கையோடு
பூனாகலைப் பக்கமிருந்து ஒருத்தி வருவாள்.
கூடையில் ஒரு சவர்க்காரம், ஒரு பால்மா.
அரைமணி நேரம் சுற்றிப் பார்ப்பாள்,
தொட்டுப் பார்ப்பாள், திருப்பி வைப்பாள்,
யாரும் அதட்டமாட்டார்கள்.
வாசல் பையன் "வாங்க மேடம்" என்பான்.
அதே அவளைச் சந்தையில்
"ஏய் தோட்டம், தொடாதே" என்ற ஆளை
எனக்குத் தெரியும்.
அந்த மேடத்துக்கு விலை போடச் சொன்னால்
எந்த எண்ணை அமுக்குவது?

இரவு எட்டரை. வேலை முடிந்து வெளியேறும் வாசல்.
காவலுக்கு நிற்கும் தனசிறி பையைத் திறந்தார்.
கிழங்கு முடிச்சில் எங்கள் ஸ்டிக்கர்:
நானூற்று மூன்று ரூபா இருபது சதம்.
எப்போது அமுக்கினேன், எப்போது ஒட்டினேன்?
நாளெல்லாம் செய்து பழகிய கை,
என்னைக் கேட்காமலே செய்திருக்கிறது.

"பில் எங்கே?"

சந்தை என்றேன். சுமணபால என்றேன்.
கொத்தமல்லியைச் சாட்சிக்குக் காட்டினேன்.
மேனேஜர் நல்ல மனுசன்தான்,
"கெமராவில் நாளைக்குப் பார்ப்போம்,
அதுவரை பை இங்கேயே இருக்கட்டும்" என்றார்.
கடைசி பஸ் எட்டே முக்காலுக்கு.
வீட்டில் கறிக்கு வேறொன்றும் இல்லை.

கட்டினேன்.
என் கிழங்கை நானே இரண்டாந்தரம் வாங்கினேன்.
இருபது சதத்தை மட்டும் விட்டுத் தந்தார்கள்;
எங்கள் கடையில் கொசுறு அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு சுமணபாலவிடம் எல்லாம் சொன்னேன்.
நாற்பது கிராம் அவன் காதில் ஏறவில்லை.
"நானூற்றிருபதா? கிலோவா?"
இரண்டு தரம் கேட்டான்.
வியாழக்கிழமை லொறிக்காரனுக்கு
நூற்றுத் தொண்ணூறுக்குக் கொடுத்தானாம்.
பிறகு வெகுநேரம் பேசாமல்
லீக்ஸின் வாடிய தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

அதற்கடுத்த ஞாயிறு
அட்டைத் துண்டில் முன்னூற்று எழுபது எழுதியிருந்தது.
பேரம் பேசிப் பத்து குறைத்தேன்.
இந்த முறை கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தான்,
முள் ஆடி ஆடி, நடுவில் வந்து நிற்கும்வரை.
நின்றது.

கொத்தமல்லி தரவில்லை.
நானும் கேட்கவில்லை.